சி வாசலுக்கு வராத அறிவிப்பு

எங்கள் குடியிருப்புக்கு மூன்று வாசல்கள், ஒரு கொடிக்கம்பம். வாசல்களை ஏ, பி, சி என்று அழைப்போம். கொடிக்கம்பத்தை வெய்யோவின் கம்பம் என்றே சொல்லலாம். இருபத்தாறு வருடங்களில் அவரைத் தவிர யாரும் அதன் கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

வெய்யோ குர்கெலா எங்கள் ஊரிலேயே, வடக்குப் பின்லாந்தின் கெமியிலேயே, பிறந்தவர். காகித ஆலையில் பத்தொன்பது வருடம் இயந்திரம் ஓட்டினார். முதுகு போன பிறகு எங்கள் குடியிருப்பின் பராமரிப்பாளராக வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் பனி அள்ளுவதை விடவில்லை. பராமரிப்பு நிறுவனம் ஒரு வண்டியை அனுப்பும். அது வருவதற்குள் அவர் அள்ளி முடித்திருப்பார். வண்டிக்காரர் ஜன்னலை இறக்கி, "எனக்கு எதையாவது மிச்சம் வைங்க பெரியவரே" என்பார். வெய்யோ வண்டியின் சக்கரத்தடத்தையும் சேர்த்துச் சமப்படுத்துவார்.

குடியிருப்பில் யாராவது இறந்தால் அன்று கொடி தாழ்ந்து பறக்கும். அடக்கம் நடக்கும் நாளில் இன்னொரு முறை. காலை எட்டு மணிக்கு முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு மூன்றில் ஒரு பங்கு இறக்க வேண்டும். நேராகப் பாதியில் நிறுத்தக் கூடாது. இறக்கும்போதும் அப்படித்தான். மறுபடி உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் தரைக்கு வரலாம். இதில் வெய்யோ ஒரு நாளும் தவறியதில்லை.

கொடி வெய்யோவின் வேலை. பெயர் அவருடைய மனைவி மைரெயின் வேலை. இறந்தவரின் பெயர், வீட்டு எண், 'மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் காபி' ஆகிய மூன்றையும் வெள்ளை அட்டையில் சாய்வான கையெழுத்தில் எழுதி, மூன்று வாசல்களின் அறிவிப்புப் பலகைகளிலும் குத்துவார். ஆறு மணிக்கு எல்லோரும் கீழ்த்தளக் கூடத்துக்குப் போவோம். காபி குடித்து, ஏலக்காய் ரொட்டி ஒரு துண்டு தின்று, பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம். இறந்தவர்களில் சிலரை நான் லிஃப்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனாலும் போவேன். பலகையில் பெயர் இருந்தால் போக வேண்டும். அவ்வளவுதான்.

"கொடி யாரோ போயிட்டாங்கன்னு சொல்லும். யாருன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது" என்பார் மைரெ. "அதுக்குத்தான் இவருக்கு ஒரு பொண்டாட்டி வேண்டியிருக்கு."

போன வருட வசந்தத்தில் பலகைகளைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு ஒரு மின்திரை மாட்டினார்கள். குப்பை வண்டி வரும் நாள், துணி துவைக்கும் அறையின் நேரங்கள், சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் முறைப் பட்டியல் எல்லாம் அதில் ஓடும். குடியிருப்பவர்களின் சொந்த அறிவிப்புகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதை நாங்களே செய்துகொள்ளலாம், அல்லது நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டால் மூன்று வேலை நாட்களில் மாற்றித் தருவார்கள்.

"மூணு நாளா?" என்றார் வெய்யோ, குடியிருப்போர் கூட்டத்தில். "கொடி ஒரு நாள்தான் பறக்கும்."

ஆகவே அறுபத்தெட்டு வயதில் அவர் மாலைக் கல்லூரியில் வலைப்பக்கம் செய்யும் வகுப்பில் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமைகளில், பத்து வாரம். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளை எழுதினார். இரண்டாவது வாரத்தில் மைரெக்கு வந்திருந்த மஞ்சள் காமாலைக்குக் காரணம் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. வெய்யோ வகுப்பை நிறுத்தப் பார்த்தார். மைரெ விடவில்லை.

இதை எனக்குச் சொன்னது ஹெல்வி. சி வாசலில் எனக்கு நேர் கீழ் வீடு. எழுபத்து நான்கு வயது, வாய் நீளம். முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி சௌனாவில் மைரெயோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்தவர்.

"அவ என்ன சொன்னா தெரியுமா?" என்றார் ஹெல்வி, துணி துவைக்கும் அறையில் என் போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொண்டே. "'சீக்கிரம் கத்துக்கோ கிழவா, அந்தத் திரையில முதல்ல வரப்போற பேர் என்னோடதுதான். ஏ-ல மட்டும் போட்டு நிறுத்திடாதே, மூணு வாசல்லயும் வரணும். இல்லேன்னா சி-க்காரி ஹெல்வி செத்த வீட்டுலகூடச் சண்டைக்கு வருவா'ன்னு வெய்யோகிட்ட சொன்னாளாம், அவளேதான் எங்கிட்ட சொன்னா. எனக்குச் சிரிக்கறதா என்னன்னு தெரியல. சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா."

ஜனவரியில் மைரெயை மருத்துவமனையின் கடைசிக் கட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹெல்வி பார்க்கப் போவதாகச் சொன்னபோது மைரெ போனில் தடுத்துவிட்டார். "இப்ப வராதே. தலைமுடி எல்லாம் பறவைக் கூடு மாதிரி இருக்கு. மனுஷியா ஆனதும் நானே கூப்பிடறேன்." ஹெல்வி அழைப்புக்காகக் காத்திருந்தார். போனைச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை கொடி தாழ்ந்து பறந்தது. பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே இறங்கியபோது சி வாசலின் திரையில் குடியிருப்பு அறிவிப்புப் பக்கம் ஓடியது. 'இன்று அறிவிப்பு இல்லை' என்றிருந்தது. அப்படியானால் எங்கள் ஆள் இல்லை, ஊரில் யாருக்கோ, அல்லது அரசு சொன்ன துக்கமாக இருக்கும் என்று எண்ணிப் பேருந்துக்கு ஓடினேன். முற்றத்தில் வெய்யோ முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். நின்று யாருக்கு என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பதில்லை. சொல்ல வேண்டியதை எழுதிப் போடுவார்கள், எழுதாததைக் கேட்டு ஒருவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. இதை நல்ல குணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை, குப்பை போட இறங்கினேன். ஹெல்வி கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெய்யோ வழக்கம்போல் பனி அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன வெய்யோ, ஊமையாயிட்டியா? எங்க அந்த மகாராணி? தலைமுடி இன்னும் சரியாகலையாமா? போன் பண்ணச் சொல்லு, நான் என்ன வேலைவெட்டி இல்லாதவளா?"

வெய்யோ நிமிர்ந்து ஹெல்வியைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. பனிவாரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாதை பாதியில் நின்றது.

"என்னத்த சொல்லிட்டேன் இப்ப?" என்றார் ஹெல்வி என்னிடம். "வயசானா மனுஷங்களுக்குப் புத்தி புளிச்சுப் போயிடுது." அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

வெய்யோ வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. மிச்சப் பாதையை அள்ளினேன். பனிவாரி ஏ வாசலின் உள்ளே, படிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள். கொண்டுபோய் வைக்கக் கதவைத் திறந்தேன். அந்த வாசலுக்குள் நான் கடைசியாக நுழைந்து ஒரு வருடம் இருக்கும்.

ஏ வாசலின் திரையில் இப்படி இருந்தது:

மைரெ குர்கெலா, ஏ 2. பிப்ரவரி 12. மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் காபி.

பனிவாரியைப் பிடித்தபடியே நின்றேன். திரை குப்பை வண்டிக்கு மாறியது, சௌனாவுக்கு மாறியது, திரும்ப மைரெக்கு வந்தது. வெளியே வந்து பி வாசலுக்குள் போய்ப் பார்த்தேன். 'இன்று அறிவிப்பு இல்லை.' சி வாசலிலும் அதேதான்.

வலைப்பக்கங்கள் செய்வதுதான் என் பிழைப்பு. என்ன நடந்திருக்கும் என்று முற்றத்தைக் கடப்பதற்குள் புரிந்துவிட்டது. அது புரிந்ததில் நிம்மதி எதுவும் இல்லை.

பனிவாரியைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு ஏ 2-இன் மணியை அடித்தேன். வெய்யோ கதவைத் திறந்தார். பனிவாரியை எடுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார். கதவை மூடவும் இல்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

"வெய்யோ, மைரெ விஷயம் எங்களுக்குத் தெரியாது" என்றேன். "சி-யில யாருக்கும் தெரியாது. இப்பதான் ஏ திரையைப் பாத்தேன்."

"மூணு திரையிலயும் போட்டேனே."

"சி-யில வரல. பி-லயும் வரல."

அவர் என் காலணிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கழட்டிட்டு உள்ள வா."

சமையலறையில் மெழுகுத் துணி விரித்த மேசை. அடுப்பின் பக்கத்தில் ஏலக்காய் ரொட்டி நாலு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பன்னிரண்டாம் தேதி காபிக்கு வாங்கியது. அவரே சொன்னார், கூடத்தில் முப்பது கோப்பை அடுக்கியதாகவும், ஏ வாசலிலிருந்து ஐந்து பேர் வந்ததாகவும். மீதி இருபத்தைந்தையும் கழுவாமல் அப்படியே அலமாரியில் வைத்ததாகவும்.

"அந்த அஞ்சு பேரும் எதுவும் கேக்கலையா?"

"என்ன கேப்பாங்க? ஹெல்விய காணோமேன்னு ஒருத்தங்க சொன்னாங்க. துக்கத்துல இருப்பான்னு இன்னொருத்தங்க சொன்னாங்க." அவர் ரொட்டிப் பொட்டலத்தைச் சற்று நகர்த்தி வைத்தார். "நான் வேற மாதிரி நெனச்சேன்."

"என்னன்னு?"

"ஒவ்வொரு வீடா நெனச்சுப் பாத்தேன். இவங்க ஏன் வரல, அவங்க ஏன் வரலன்னு. பி எட்டு, அவங்க சைக்கிள் பூட்ட நான்தான் வெட்டினேன். பி பதினொண்ணு, சௌனா நேரத்தக் குறைச்சேன். நீ, ஷூவ கதவுக்கு வெளியில போடாதேன்னு மூணு தடவ சொல்லியிருக்கேன். அதனாலதான் நீ வரலைன்னு வெச்சுக்கிட்டேன்."

"ஹெல்வி?"

"ஹெல்விக்குத்தான் காரணம் கிடைக்கல" என்றார் வெய்யோ. "காலைல அவ வந்து மகாராணி எங்கன்னு கேட்டப்ப, சரி, இவ மனுஷியே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். பக்கத்தில் நோட்டையும் வைத்தார்.

அவர் எழுதியிருந்தது சிறிய, சுத்தமான வேலை. மூன்று திரைகளுக்கும் ஒரே பக்கம்தான். அந்தப் பக்கத்தில் வாசலுக்கு ஒன்றாக மூன்று பகுதிகள். ஒவ்வொரு திரையும் தன் வாசலுக்குரிய பகுதியை மட்டும் காட்டும். ஒவ்வொரு பகுதியிலும் எழுத்து வருவதற்கு ஒரு பெட்டி. மேலே ஓரிடத்தில் பெயரை எழுதி வைத்தால், பக்கம் திறக்கும்போது அவருடைய ஃபங்ஷன், அதாவது கட்டளைத் தொகுப்பு, பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பழைய எழுத்தை எடுத்துவிட்டு இதை வைக்கும். வகுப்பில் ஒரு பெட்டிக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் அந்தப் பெட்டியை அப்படியே நகலெடுத்து இன்னும் இரண்டு முறை ஒட்டியிருந்தார். பெட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் சுரு. பின்னிஷ் மொழியில் துக்கம் என்று பொருள். மூன்றுக்கும் அதே பெயர்.

"மூணுக்கும் ஒரே பேர் வெச்சிருக்கீங்க."

"மூணுலயும் ஒரே விஷயந்தானே வரணும்?"

"அப்படித்தான் தோணும். ஆனா இந்தக் கட்டளை மேலேர்ந்து தேடிக்கிட்டு வரும். அந்தப் பேர்ல முதல் பெட்டி கிடைச்சதும் எழுதிட்டு நின்னுடும். கீழ இன்னும் ரெண்டு இருக்கான்னு பாக்காது."

"தப்புன்னு சொல்லாதா?"

"சொல்லாது. அதப் பொறுத்தவரைக்கும் வேலை முடிஞ்சது."

வெய்யோ நோட்டின் பக்கத்தை விரலால் தடவினார். "ஏ-யோட நின்னுடுச்சு."

"ஆமா."

"அவ சொன்னா. ஏ-ல போட்டு நிறுத்திடாதேன்னு."

சோதித்துப் பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். வகுப்பில் ஆசிரியர் எதையாவது எழுதிப் பாருங்கள், பூனையின் பெயரை எழுதிப் பாருங்கள் என்றாராம். மற்றவர்கள் எழுதினார்களாம். வெய்யோவால் முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவரின் பெயரை எழுத முடியாது. இல்லாத ஒருவரை எழுதினால், யாராவது நம்பி ஆறு மணிக்குக் கூடத்துக்கு வந்து நின்றால்? சுவரில் பொய் எழுதக் கூடாது. அதனால் வீட்டிலேயே இந்த மேசையில் வைத்து 'சோதனை' என்று ஒரே ஒரு முறை எழுதினார். மேலே இருந்த பகுதியில் எழுத்து மாறியது. சந்தோஷமாக மைரெயைக் கூப்பிட்டுக் காட்டினார். அழித்துவிட்டார். கீழே இறக்கிப் பார்க்கவில்லை.

"அப்ப அவ நல்லா இருந்தா" என்றார். "அந்தச் சேர்ல உக்காந்திருந்தா. 'கையெழுத்து என்னோடது மாதிரி இல்ல, ஆனா போகட்டும்'னா."

திருத்துவது பத்து நிமிட வேலை. என் கையில் கொடுத்திருந்தால் ஒரு நிமிடம். ஆனால் அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பவில்லை, நானும் கேட்கவில்லை. ஒற்றை விரலால் தட்டினார். மூன்று பெட்டிகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். சுரு ஏ, சுரு பி, சுரு சி. பிறகு ஃபங்ஷனுக்குள் ஒரு வரியை மூன்று வரியாக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் கூப்பிட்டார். முதல் முறை பக்கம் பழைய எழுத்தோடு அசையாமல் நின்றது. எங்கே என்று எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தேன். அவர் வரி வரியாக விரல் வைத்து வந்து, இரண்டாவது வரியின் கடைசியில் மூடாமல் விட்ட அடைப்புக்குறியைக் கண்டுபிடித்து மூடினார்.

"சுரு பி-யில ஓட்டை" என்றார். முகத்தில் ஏதோ அசைந்தது.

"இப்ப சோதிச்சுப் பாக்கணும் வெய்யோ."

"என்ன பேர் போடறது?"

மேலே பெயர் எழுதும் இடத்தில் அது ஏற்கெனவே இருந்தது. ஒன்பது நாளாக அவர் அதை அழிக்கவில்லை.

"இதே இருக்கட்டும்" என்றார். சேமித்தார்.

திரைகள் கால் மணிக்கு ஒரு முறைதான் பக்கத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். சட்டை மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் என்னோடு இறங்கினார். பி வாசலில் காத்திருந்தோம். குப்பை வண்டி, சௌனா, பிறகு மைரெ குர்கெலா, ஏ 2. வெய்யோ தலையசைத்தார். வேறொருவர் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பதுபோல்.

சி வாசலுக்கு வந்தோம். கதவைத் திறந்தபோது ஹெல்வி உள்ளே நின்றுகொண்டிருந்தார். தலையில் தொப்பி, கையில் கடைப் பை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடைப்புக்குறிகளைப் பற்றியும் கால் மணிகளைப் பற்றியும் யோசித்தேனே தவிர, முதலில் ஹெல்வியின் கதவைத் தட்ட வேண்டும் என்று யோசிக்கவில்லை. அது வெய்யோ சொல்ல வேண்டிய செய்தி என்று ஒதுங்கியிருந்தேன். வெய்யோ அது சுவர் சொல்ல வேண்டிய செய்தி என்று நினைத்திருப்பார்.

"இது என்ன தேதி?" என்றார் ஹெல்வி, திரும்பாமல்.

"பன்னெண்டு" என்றார் வெய்யோ.

"இன்னிக்கு இருபத்தொண்ணு."

"ஆமா."

"பன்னெண்டாம் தேதி கொடியப் பாத்தேன். இங்க வந்து இதையும் பாத்தேன். இல்லைன்னு போட்டிருந்துது. நம்ம ஆள் இல்ல, அப்பாடான்னு மேல போயி காபி போட்டுக் குடிச்சேன் வெய்யோ."

"என் தப்பு. ஏ-யோட நின்னுடுச்சு."

ஹெல்வி பையைத் தரையில் வைத்தார். உள்ளிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு படியின் ஓரத்தில் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"காலைல உன்கிட்ட என்ன கேட்டேன் நான்?"

"கேட்டே."

"மகாராணின்னு சொன்னேன்."

"அவளுக்கு அது பிடிக்கும்" என்றார் வெய்யோ.

"போன ஜன்னலோரம் வெச்சிருந்தேன்" என்றார் ஹெல்வி. "ராத்திரி படுக்கப் போறப்பகூட அங்கயே விட்டுட்டுப் போவேன், சிக்னல் அங்கதான் வரும்னு. கடைசில என்னைக் கேட்டாளா?"

வெய்யோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஏதோ தேடுவது தெரிந்தது.

"கடைசி நாலு நாள் அவ யாரையும் கேக்கல. என்னையும் கேக்கல. அதுக்கு முன்னாடி ஒரு நாள் சீப்பு கொண்டா, ஹெல்விய கூப்பிடணும்னா. கொண்டு போறதுக்குள்ள தூங்கிட்டா."

ஹெல்வி தலையாட்டினார், பல தடவை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரையின் எதிரே அப்படியே நின்றார். வெய்யோ பையை எடுத்துக்கொண்டு, ஆரஞ்சையும் குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, ஹெல்வியின் கதவுவரை ஏறினார். நான் என் வீட்டுக்குப் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அஞ்சல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் மார்ச் ஏழாம் தேதி. அதுவரை பெயரை மூன்று திரைகளிலும் விட்டு வைத்தார். தேவாலயத்துக்கு ஆறு பேர்தான் வருவார்கள் என்று சொல்லி வைத்திருந்ததை வெய்யோ மாற்றினார். காலை எட்டு மணிக்குக் கொடியை ஏற்றி, இறக்கி, கயிற்றை முடிந்த பிறகு என்னை முற்றத்துக்கு அழைத்தார். அடக்கம் முடிந்ததும் கொடி உச்சிக்குப் போக வேண்டும், இருபது நிமிடம் அங்கே நின்றுவிட்டு இறங்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கல்லறையில் இருப்பார்.

"ஒரு மணிக்கு. வெடுக்குன்னு இழுக்காதே, மெதுவா ஏத்து. துணி தரையில படக்கூடாது."

"சரி."

"குளிருக்குக் கயிறு கையில ஒட்டும். கையுறைய போட்டுக்க." இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். "பளிச்சுன்னு மஞ்சள் கையுறை வேண்டாம்."

ஒரு மணிக்குச் செய்தேன். இருபது நிமிடமும் அடியிலேயே நின்றேன். காற்றில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது.

மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் இன்னொரு முறை காபி. முப்பது கோப்பைகள் போதவில்லை. பி வாசலிலிருந்து சிலர் தங்கள் கோப்பைகளைக் கையோடு கொண்டுவந்தார்கள். பி எட்டின் சைக்கிள்காரர் சுவரோரம் நின்றே குடித்தார். ஹெல்வி ஊற்றினார், ஒருவரும் விடுபடாமல், உட்காராமல். வழக்கம்போல் யாரும் பெரிதாகப் பேசவில்லை. நாற்காலியின் சத்தமும் கரண்டியின் சத்தமும்தான். எப்போதும் அரை மணியில் கலைந்துவிடும் கூட்டம் அன்று எட்டு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு வெய்யோ மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார். கொடியை மதியமே நான் இறக்கியிருந்தேன். இனி பெயரையும் எடுக்க வேண்டும். மைரெயும் அப்படித்தான் செய்வார், அன்றைக்கே, மூன்று அட்டைகளையும்.

ஹெல்வி ஈரத் துணியோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"ஏ-ல எடு. பி-லயும் எடு. சி-யில விட்டு வை."

"கொடி இறங்கினா பேரும் இறங்கணும் ஹெல்வி. அதான் முறை."

"முறை எனக்கும் தெரியும். எங்க வாசலுக்கு ஒன்பது நாள் குறையுது."

வெய்யோ என்னைப் பார்த்தார். இப்போது பெட்டிகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது, அதைச் செய்ய முடியும் என்று அவருக்கே தெரியும். திரும்பிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். சுரு ஏ: இன்று அறிவிப்பு இல்லை. சுரு பி: இன்று அறிவிப்பு இல்லை. மூன்றாவது வரியைத் தொடவில்லை.

ஒன்பது நாள் அது அங்கே இருந்தது. போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சௌனாவுக்குத் துண்டோடு இறங்கிய ஹெல்வி அதன் முன்னால் நின்று, "தண்ணி இன்னிக்குச் சரியாவே சூடாகாது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறாம் தேதி மாலை வேலையிலிருந்து திரும்பியபோது வெய்யோ சி வாசலுக்குள் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. மாற்றி எழுதிவிட்டு வந்திருந்தார், திரை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் நின்றேன். மேலே ஹெல்வியின் கதவு திறந்திருந்தது, ஆனால் அவர் வெளியே வரவில்லை.

குப்பை வண்டி வந்தது. சௌனா வந்தது. மைரெ குர்கெலா, ஏ 2 வந்தது. மறுபடி குப்பை வண்டி, சௌனா. பிறகு, இன்று அறிவிப்பு இல்லை.

மேலே கதவு மெதுவாக மூடியது.

வெய்யோ தொப்பியை மாட்டிக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க வேண்டிய நிலையில்தான் இருந்தது. வெளிக்கதவைத் திறந்து ஒரு காலை எடுத்து வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஷூவ இன்னும் வெளியிலதான் போடறியா?"

"இல்ல" என்றேன்.

"போடு" என்றார் வெய்யோ. "பரவாயில்ல."